ஐந்நூறு ஐந்நூறாக

சம்பூர்ணத்துக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் பெரிய கதை ஏதும் கிடையாது. வரன் பார்த்தார்கள், தட்டிப்போயிற்று. மறுபடி பார்த்தார்கள். பிறகு ஒரு கட்டத்தில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றாகிவிட்டது. திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே ஒரு கிராமத்தில் அண்ணன் குடும்பம் இருக்கிறது. பொங்கலுக்குப் போவாள், இரண்டு நாள் இருப்பாள், மூன்றாம் நாள் அண்ணி, "அப்ப எத்தினி மணி பஸ்ஸு?" என்று கேட்பதற்குள் கிளம்பிவிடுவாள். மற்றபடி புதுப்பட்டினத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறாள்.

மாமல்லபுரத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவே கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு கண் ஆஸ்பத்திரி இருந்தது. அதன் பதிவுப் பிரிவில் அவளுக்கு இருபத்திரண்டு வருட வேலை. சிற்பக்கூடத்தில் கல் சில்லு தெறித்துக் கண் சிவந்து வந்தவர்கள், புரை முற்றிப்போய் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த மீனவர்கள், கல்பாக்கத்தில் ரிட்டையராகிவிட்டுச் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே ஃபைலோடு வந்து உட்காரும் பெரியவர்கள் என்று எல்லோருடைய பேரும் வயதும் ஊரும் அவள் விரல் வழியாகத்தான் உள்ளே போயின.

போன வருடம் ஆஸ்பத்திரி கைமாறியது. வாங்கியவர்களுக்குக் கோயம்புத்தூரில் தலைமை அலுவலகம். செங்கல்பட்டில் புதுக் கட்டடம் எடுத்தார்கள். டாக்டர்கள், நர்சுகள், கண்ணாடிக் கடை, கேன்டீன் எல்லாம் ஒரே மாதத்தில் அங்கே போய்விட்டன. பழைய கட்டடத்தில் மிஞ்சியது கீழே ஒரு வாட்ச்மேன், மாடியில் சம்பூர்ணம், அவள் மேஜைக்கடியில் உறுமிக்கொண்டிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டி. இருபத்திரண்டு வருடத்து நோயாளிகளின் பதிவுகள் மொத்தமும் அந்தப் பெட்டிக்குள் இருந்தன. மூன்று லட்சத்து அறுபத்தோராயிரத்து நானூற்று இருபத்தெட்டு. அவற்றைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டால் அவளும் செங்கல்பட்டுக்குப் போய்விடலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் நாள் எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுக்கப் பார்த்தாள். திரையில் முப்பத்தேழு சதவீதம் வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. மூன்று தடவை செய்தாள், மூன்று தடவையும் அதே கதை. கோயம்புத்தூருக்குப் போன் போட்டாள். கம்ப்யூட்டர் பிரிவில் சரவணகுமார் என்று ஒருவர் பேசினார்.

"மேடம், மொத்தமா இழுத்தா அது தாங்காது. ரெண்டாயிரம் ரெண்டாயிரமா எடுங்க. பதிவு நம்பர் வரிசையில அடுக்கிட்டு, ஒண்ணுலேர்ந்து ரெண்டாயிரம் வரைக்கும் ஒரு ஃபைல். அடுத்தது ரெண்டாயிரத்து ஒண்ணுலேர்ந்து. நடுவுல ஒருத்தர் விட்டுப்போகக் கூடாது, ஒருத்தரே ரெண்டு தடவை வரவும் கூடாது. எங்க பக்கம் காயத்ரின்னு ஒருத்தங்க எண்ணிப் பார்த்து ‘வந்தது’ன்னு போடுவாங்க. அதுக்கப்புறம்தான் நீங்க அடுத்ததை அனுப்பணும்."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு ஃபைல் எடுக்க ஏழு நிமிடம். அனுப்பி, அந்தப் பக்கம் ஏற்றி, எண்ணிப் பார்த்துப் பதில் வர முக்கால் மணி நேரம். ஒரு நாளைக்குப் பத்து ஃபைல் போனது. ஒவ்வொன்றுக்கும் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் எழும்பும். ‘2000 வந்தது.’ அவ்வளவுதான்.

அந்த முக்கால் மணி நேரங்களில் சம்பூர்ணத்துக்குச் செய்ய ஒன்றுமில்லை. மாடி முழுக்க நாற்காலிகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையை யாரும் கழற்றிக்கொண்டு போகவில்லை, அது சுவரிலேயே இருந்தது. கடல் அரை கிலோமீட்டர் தூரத்திலேயே இருந்தும் இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாளும் அதன் சத்தத்தை அவள் இங்கே கேட்டதில்லை. டோக்கன் மணியும் குழந்தைகள் அழுகையும் கேட்க விட்டதில்லை. இப்போது காலை முதல் சாயந்திரம் வரை அது மட்டுமே கேட்டது. டிபன் டப்பாவைத் திறந்தால் மூடி விழும் சத்தம் நடைபாதைக் கோடி வரை போய்த் திரும்பியது. வாட்ச்மேன் நல்ல மனிதர்தான், ஆனால் காது மந்தம். ‘வணக்கம்மா’ என்பதற்கு மேல் பேச்சு நீளாது.

அப்படியாகத்தான் அந்தச் சின்னக் கட்டத்தை அவள் எதிர்பார்க்க ஆரம்பித்தாள். இன்னொரு மனுஷி அந்தப் பக்கம் உட்கார்ந்து, தான் அனுப்பியதை எண்ணிப் பார்த்து, கிடைத்தது என்று சொல்கிறாள். ஒரு நாளைக்குப் பத்து தடவை.

நாலாம் நாள் முப்பத்தெட்டாவது ஃபைல் போகவில்லை. எடுக்கும்போதே சிவப்பு எழுத்தில் பிழை வந்தது. பெட்டியை நிறுத்திப் போட்டும் பார்த்தாயிற்று. கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது.

"மேடம், நான் காயத்ரி பேசறேனுங்க. ஃபைல் வரவே இல்லீங்களே?"

குரல் சின்னப் பெண்ணுடையது. கோபிப் பக்கத்துக் கொங்குப் பேச்சு. சம்பூர்ணம் விஷயத்தைச் சொன்னாள்.

"உள்ள ஒரே ஒரு பதிவு கெட்டுக் கெடக்குமுங்க. அதைப் புடிச்சுட்டாப் போதும். பாதி பாதியாப் பிரிச்சுப் பாக்கலாமுங்களா? போனை வைக்காதீங்க."

ஆயிரமாக எடுத்தார்கள். முதல் ஆயிரம் போயிற்று, இரண்டாவது மாட்டியது. அதை ஐந்நூறாக, இருநூற்றைம்பதாக, நூற்றிருபத்தைந்தாகப் பிரித்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சம்பூர்ணம் நம்பரைச் சொல்லச் சொல்ல, காயத்ரி அந்தப் பக்கம் எழுதிக்கொண்டாள். நடுவில் ஃபைலுக்காகக் காத்திருக்கும் நேரத்தில், "சாப்டீங்களாக்கா?" என்று அவள் கேட்டாள். மேடம் எப்போது அக்கா ஆனது என்று சம்பூர்ணம் கவனிக்கவில்லை. அறுபத்துமூன்று, முப்பத்திரண்டு, பதினாறு, எட்டு, நாலு, இரண்டு. பதினோரு தடவை பிரித்த பிறகு ஆள் கிடைத்தார். எழுபத்தைந்தாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாம் நம்பர்.

பேர், வயது எல்லாம் சரியாக இருந்தன. முகவரிக் கட்டத்தில்தான் கண் முகாமில் பேர் பதியப் போன யாரோ ஒரு மகானுபாவர் ஒரு கடுதாசியே எழுதி வைத்திருந்தார். சம்பூர்ணம் அதைப் படித்துக் காட்டினாள்.

"பூஞ்சேரி கூட்ரோட்டில் இறங்கவும். டீக்கடையில் ‘பல்லு மாமா வீடு’ என்று கேட்கவும். பச்சை கேட். நாய் இருக்கும், பயப்பட வேண்டாம். கடித்ததில்லை. சென்ற முறை கடித்தது வேறு நாய்."

ஒவ்வொரு வரிக்கும் ஒரு தடவை என்டர் தட்டியிருந்தார். மேற்கோள் குறிகள் வேறு. அதைத்தான் மிஷினால் விழுங்க முடியவில்லை. காயத்ரி சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது. சம்பூர்ணமும் சிரித்தாள். சிரித்துவிட்டு, நடைபாதையில் தன் குரல் போய்த் திரும்பி வருவதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

அந்த ஒரு பதிவைச் சரிசெய்ததும் மிச்சம் தாராளமாகப் போனது. போனை வைத்துவிட்டு அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலரை. இவ்வளவு நேரம் ஒருத்தரோடு பேசி எத்தனை மாதம் ஆயிற்று என்று யோசித்தாள். கணக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை முதல் ஃபைலை எடுக்கும்போது, எண்ணிக்கைக் கட்டத்தில் இரண்டாயிரம் என்று அடிக்கப் போன விரல் ஐந்நூறு என்று அடித்தது. ‘மிஷின் திணறுது. இனிமே ஐந்நூறாத்தான் எடுக்க முடியும் போலருக்கு’ என்று காயத்ரிக்கு எழுதினாள்.

‘சரிங்கக்கா, பரவால்ல’ என்று பதில் வந்தது.

மிஷின் திணறவில்லை. இரண்டாயிரத்தை ஏழு நிமிடத்தில் எடுத்த அதே மிஷின்தான், ஐந்நூறை இரண்டு நிமிடத்தில் எடுத்துவிட்டுச் சும்மா இருந்தது. ஆனால் பத்து பதில் வந்த இடத்தில் இப்போது பதினாறு வந்தது. ஒவ்வொரு பதிலோடும் ஒரு வரி ஒட்டிக்கொண்டு வந்தது. ‘500 வந்தது. இங்க மழைங்கக்கா.’ ‘500 வந்தது. ஹாஸ்டல்ல மறுபடி ரவா உப்புமா.’ காயத்ரியின் கணவனுக்குத் திருப்பூரில் வேலை. சனிக்கிழமை வந்து அவளை ஊருக்குக் கூட்டிப்போவான், திங்கள் காலை போய்விடுவான். மற்ற நாட்களில் அவள் ஹாஸ்டலில் இருந்தாள். சம்பூர்ணம், ‘இன்னா, இன்னிக்கும் உப்புமாவா?’ என்று எழுதினால் அந்த ‘இன்னா’வுக்காகவே சிரிக்கும் பொம்மை ஒன்று வரும். கடற்கரைச் சாலையில் காலையில் பார்த்ததைச் சம்பூர்ணம் எழுதுவாள். ஒரு முழு நந்தியைத் தார்ப்பாய் போர்த்தி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், பின்னால் ஹாரன் அடித்த கார்க்காரன் நந்தியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டான், இந்த மாதிரி. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதுகூட, இதை நாளைக்குச் சொல்லலாம் என்று ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள்.

பதினெட்டு நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலை. பதினெட்டும் போயிற்று, இருபதும் போயிற்று. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று மட்டும் தயாராக வைத்திருந்தாள்.

இருபத்து நாலாம் நாள், பதினொரு மணி வாக்கில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவாக, படிக்குப் படி நின்று வரும் சத்தம். ஒரு பெரியவரும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மாளும் வந்தார்கள். பெரியவர் பேர் அப்பாசாமி, அந்த அம்மாள் அவர் மனைவி வசந்தா. அண்ணன் ஊருக்கும் அந்தப் பக்கம் ஒரு கிராமம்.

"இன்னாம்மா," என்றார் அப்பாசாமி, சுவரைப் பார்த்து. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. "எம் பேரு உங்க பொட்டில மாட்டிக்கினு கீதாமே?"

வசந்தாதான் விளக்கினாள். மூன்று வருடத்துக்கு முன் வலது கண்ணில் இங்கே ஆபரேஷன் ஆகியிருந்தது. இப்போது இடது கண் முற்றிப்போய்விட்டது. வலது கண்ணிலும் பார்வை மங்கல். செங்கல்பட்டுப் புது ஆஸ்பத்திரியில், போன தடவை என்ன லென்ஸ் வைத்தார்கள், எந்தச் சொட்டு மருந்து இவருக்கு ஒத்துக்கொள்ளாமல் கண் வீங்கியது என்று தெரியாமல் கை வைக்க முடியாது என்றுவிட்டார் டாக்டர். நியாயம்தான். சீட்டு இருந்தது, அது போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது ஊறிப்போனது.

"கம்பூட்டர்ல இன்னும் வரலன்றாங்க," என்றாள் வசந்தா. "ரெண்டு தபா போய்ட்டு வந்தோம். ரெண்டு பஸ்ஸு மாறணும். பஸ்ஸுல ஏத்தி எறக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போய் உசுரு வருது. போன தபா எறங்கும்போது படி தெரியாம உழுந்துட்டாரு. அதான் நேரா இங்கியே கேட்டுப் பாக்கலாம்னு வந்துட்டோம்."

அப்பாசாமியின் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. சம்பூர்ணம் அதைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்து, பேரையும் ஊரையும் போட்டுத் தேடினாள். இரண்டு லட்சத்து எண்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அவள் அனுப்பியிருந்தது இரண்டு லட்சத்து முப்பத்தாறாயிரம் வரை. இரண்டாயிரமாகவே அனுப்பியிருந்தால் இவருடைய பதிவு கிட்டத்தட்ட பத்து நாளைக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்கும். முதல் தடவை போனபோதே கிடைத்திருக்கும்.

பக்கத்தை அச்செடுத்து, லென்ஸ் அளவையும் ஒத்துக்கொள்ளாத மருந்தின் பேரையும் சிவப்புப் பேனாவால் கோடிட்டு, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வசந்தா கையில் கொடுத்தாள். "இதை டாக்டர்கிட்ட காட்டுங்க. இனிமே திருப்பி அனுப்ப மாட்டாங்க."

"நீ நல்லா இருக்கணும்மா," என்றார் அப்பாசாமி. "எல்லாரும் பூட்டாங்க, நீ ஒருத்திதான் எங்களுக்காவ ஒக்காந்துகினு கீறேன்னு கீழ வாட்ச்மேன் சொன்னாரு."

அவள் எழுந்து வந்து அவருடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே வரை கூடவே போய் ஆட்டோ ஏற்றிவிட்டாள். திரும்பி மாடிக்கு வந்தபோது திரையின் ஓரத்தில் கட்டம் எழும்பியிருந்தது. ‘500 வந்தது. எங்கக்கா போனீங்க, ஆளையே காணோம்?’

அதற்குப் பதில் எழுதாமல் போனை எடுத்தாள்.

"காயத்ரி, ஒண்ணு சொல்லணும். மிஷின் திணறவே இல்ல."

"என்னங்கக்கா?"

"ரெண்டாயிரமே போவும். நான்தான் ஐந்நூறாக்கினேன். நீ பதில் போடற இல்ல, அதுக்காவ. நெறைய வரணும்னு. வேற ஒண்ணும் இல்ல."

அந்தப் பக்கம் ஆபீஸ் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். நாற்காலி நகர்ந்தது.

"தினமும் அஞ்சரைக்கு மீட்டிங்குங்க," என்றாள் காயத்ரி. குரல் தாழ்ந்திருந்தது. "எந்த ஊரு எவ்வளவு முடிஞ்சுதுன்னு பெரிய ஸ்க்ரீன்ல போடுவாங்க. ஒரு வாரமா உங்க ஊரு மட்டும் செவப்புல இருக்குது. பக்கத்துலயே எம் பேரு. என்னைய நிக்க வெச்சுக் கேப்பாங்க. நானு, பழைய மிஷினுங்க, அவிங்க ஒருத்தரா ஒக்காந்து கஷ்டப்பட்டு அனுப்பறாங்கன்னு உங்களுக்காகப் பேசிட்டு இருந்தேனுங்க."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லியேம்மா."

"சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான்."

‘நான்…’ என்று சம்பூர்ணம் ஆரம்பித்தது அங்கேயே நின்றுபோனது.

"சரிங்க மேடம்," என்றாள் காயத்ரி. "பெரிசாவே அனுப்புங்க."

ஐயாயிரமாக எடுத்துப் பார்த்தாள். அதையும் மிஷின் சுலபமாகக் கொடுத்தது. மூன்று நாள் ஏழு மணி வரை உட்கார்ந்தாள். இருபத்தாறு ஃபைல்தான், எல்லாம் முடிந்தது. பதில்கள் வந்தன. ‘5000 வந்தது.’ ‘5000 வந்தது.’ ஒட்டிக்கொண்டு ஒரு வரியும் வரவில்லை. கடைசியில், ‘மொத்தம் 3,61,428. சரியாக உள்ளது’ என்று வந்தது. சம்பூர்ணம் நாலு வரி எழுதினாள், அழித்தாள். மறுபடி எழுதி மறுபடி அழித்தாள். ‘நன்றி’ என்று மட்டும் அனுப்பினாள். மறுநாள் அந்தக் கட்டமே திறக்கவில்லை. வேலை முடிந்ததால் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் அவளைச் செங்கல்பட்டுக்கு மாற்றினார்கள். ஆபரேஷன் முடிந்தவர்களுக்குப் போன் போட்டு, மருந்து விடுகிறார்களா, கண் எப்படி இருக்கிறது என்று கேட்கும் வேலை. காலையில் புதுப்பட்டினத்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். புதுக் கட்டடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். பழைய ஆட்களும் இருந்தார்கள். ஆனால் இந்த இடைவெளியில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பது முடிவாகிப் போயிருந்தது. அவள் வந்ததும், "வாங்க சம்பூர்ணம், எப்படி கீறீங்க?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்டுவிட்டுத் தங்கள் மேஜைக்குப் போனார்கள். ஜன்னலோரம் ஒரு நாற்காலி இருந்தது. அவள் அங்கே டப்பாவைத் திறந்தாள்.

ஒரு நாள் பட்டியலில் அப்பாசாமியின் பேர் வந்தது. நம்பரைப் போட்டாள்.

"நல்லா தெரியுதும்மா," என்றார் அவர் சத்தமாக. "வூட்டுக்காரிக்கு மூஞ்சில இத்தினி சுருக்கம் கீதுன்னு இப்பதான் பாக்கறேன்." பின்னால் வசந்தா ஏதோ வைவது கேட்டது. சம்பூர்ணம் மருந்தைப் பற்றிக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பத்து நாள் தாமதத்தைப் பற்றி அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். சொல்லவில்லை. கை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டாள். எந்தக் கை என்று அவர் திருப்பிக் கேட்டார். விழுந்ததையே மறந்திருந்தார்.

காயத்ரியின் நம்பர் அவள் போனில் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, அதை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாகக் கொஞ்ச நேரம் இருந்தாள். இத்தனை நாள் கூப்பிட்டதற்கெல்லாம் ஒரு காரணம் இருந்தது. இப்போது அனுப்புவதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் போட்டாள்.

"சொல்லுங்க மேடம். ஏதாவது பதிவு விட்டுப்போச்சுங்களா?"

"இல்லம்மா. சும்மாதான் கூப்ட்டேன்."

"சும்மாங்களா?"

"ஆமா. அன்னிக்கு உங்கிட்ட சரியாச் சொல்ல வரல. நான் செஞ்சது தப்பு. உனக்குத் திட்டு வாங்கி வச்சுட்டேன்."

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சுங்க. இப்ப வேற ஊருதான் செவப்புல இருக்குது." ஒரு சின்னச் சிரிப்பு. அது தனக்கானதா, சும்மா வந்ததா என்று சம்பூர்ணத்துக்குத் தெரியவில்லை. "வீட்டுக்காரர் வந்திருக்காருங்க. அப்புறமா நானே கூப்பிடட்டுங்களா?"

"சரிம்மா."

மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. காயத்ரி அன்று கூப்பிடவில்லை. அந்த வாரமும் இல்லை, அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. பஸ்ஸில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே எதையாவது பார்த்தால், இதைச் சொல்லலாம் என்று பழக்கத்தில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்வாள். இறங்கும் இடம் வருவதற்குள் அது மறந்துபோகும்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை துணி துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டுவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து அவளே மறுபடி கூப்பிட்டாள். என்ன பேசுவதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. ரிங் போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது அந்தப் பக்கம் எடுத்தாள்.

"கை ஈரமுங்க, அதான் லேட்டு. துணி தொவைச்சுட்டு இருந்தேன்," என்றாள் காயத்ரி, மூச்சு வாங்க. மேடம் என்றும் சொல்லவில்லை, அக்கா என்றும் சொல்லவில்லை.

"நானும் இப்பதான் காயப்போட்டேன்."

"அங்க வெயிலு நல்லா அடிக்குமே, சீக்கிரம் காஞ்சுருமுங்களா?"

"எங்க காயுது? கடக் காத்துல பிசுபிசுன்னுதான் இருக்கும். மடிச்சு வச்சா மறுநாள் மறுபடி ஈரம்" என்று சம்பூர்ணம் சொல்ல ஆரம்பித்தாள்.